எண்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை

என்னிடம் ஒரு மருந்துச் சீட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். மேலே 'மீரான், சுக்குப் பண்டகசாலை' என்று எழுதியிருக்கிறது. நடுவில், நான் வழக்கமாகக் கலந்து கொடுக்கும் மிக்ஸ்சரின் பெயர் எழுதப்பட்டு ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே டாக்டர் சாக்கோவின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில் இரண்டு சிறு வாக்கியங்கள். தமிழில் சொன்னால்: எண்கள் வருகின்றன. பெயர்கள் வரவில்லை.

மாதமும் ஆண்டும் தெளிவாக இருக்கின்றன: செப்டம்பர் 1964. நாளின் முதல் இலக்கத்தை ஏதோ மருந்துக் கறை தின்றுவிட்டது. இரண்டாவது இலக்கம் 4. டாக்டர் எப்போதும் கிழமையையும் எழுதுவார். இதில் திங்கள் என்றிருக்கிறது. அந்த மாதத்தில் 4 வெள்ளிக்கிழமை, 24 வியாழக்கிழமை. ஆகவே 14 தான். பழைய நாள்காட்டியை வைத்துச் சரிபார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் மருந்தாளுநர்கள் ஆண்டு மலர் ஒன்று கொண்டுவரப் போவதாகச் சொல்லி என்னிடம் கட்டுரை கேட்டார்கள். கேட்க வந்த இளைஞர் ஒருவர், "உங்க காலத்துல மன அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சார் கொடுப்பீங்க?" என்றார். மாத்திரை இல்லை என்பது மட்டுமல்ல, அந்தச் சொல்லே எங்களிடம் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ் பேசுகிறவர்களும் 'வெப்ராளம்' என்றுதான் சொல்வார்கள். நெஞ்சுக்குள் ஏதோ ஓடுகிறது, கை நிலையில் இல்லை, உறக்கம் வரவில்லை என்ற எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். இளைஞருக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதில்தான் இந்தக் கட்டுரை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலக்காட்டில், ஜவுளி வியாபாரம் செய்த ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தேன். துணியை முழம் போடுவதைவிட மருந்தை அவுன்ஸில் அளப்பது எனக்குப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை பழகி, பரீட்சை எழுதி, 1955 ஜூன் மாதம் கொட்டும் மழையில் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தேன். வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய இலவச மருந்தகம் அது. பஜார் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்பு மிளகு மூட்டை அடுக்கியிருந்த அறையில் இருந்தது. சுவரில் வெள்ளையடித்து எத்தனை வருடம் ஆனாலும் மழைக்காலத்தில் மிளகு வாசம் திரும்பி வந்துவிடும்.

நோயாளிகள் அவரவர் குப்பியைக் கொண்டுவர வேண்டும். நான் அதை வெந்நீரில் கழுவி, மருந்தை ஊற்றி, கார்க்கை அடைத்து, குப்பியின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவேன். அந்தப் பட்டையை மடித்து இரு ஓரமும் கத்தரித்தால் பற்கள் வரிசையாக விழும். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு பல் இறங்கும்வரை குடித்துவிட்டுக் குப்பியை நிமிர்த்திவிடலாம். பட்டை கோணலாக இருந்தால் டாக்டர் ஒரு வார்த்தை பேசமாட்டார். குப்பியைத் தன் மேசையில் வைத்து, தலையைச் சாய்த்து அதே கோணத்தில் பார்ப்பார். நான் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டுவேன்.

டாக்டர் சாக்கோ திருவல்லாக்காரர். சென்னையில் படித்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். யார் வந்தாலும் என்ன நோய் என்று முதலில் கேட்கமாட்டார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் தொடங்குவார். பதில் சொல்லும்போது அவர்கள் கைகளைக் கவனிப்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருவர் சொல்லத் தயங்கினால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே இருப்பவரின் முகம் தெரியாது. அது எல்லோருக்கும் தெரியும். தன் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றானதும் மனிதர்கள் பேசிவிடுவார்கள். இதை அவர் எங்கிருந்தாவது கற்றாரா, அல்லது கண்ணாடி உண்மையிலேயே அடிக்கடி மங்கியதா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

1964-இல் அரிசி கிடைக்கவில்லை. அதை அனுபவித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். எங்கள் தெருவில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. சுக்குக்கும் மிளகுக்கும் வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. சில பண்டகசாலைகள் வாரக்கணக்கில் பூட்டியே கிடந்தன, மற்றவை பாதி ஆட்களோடு ஓடின. அந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எங்கள் வாசலில் ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வயிற்றில் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கும் ஒரே பதில்தான். கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு. சிலர் சாயா என்றார்கள். சிலர் சிரித்துவிட்டுக் குப்பியை நீட்டினார்கள்.

டாக்டர் உறக்க மருந்தை எளிதில் எழுதமாட்டார். எழுதினாலும் சில நாளுக்கு மட்டும்தான், குப்பியைத் திருப்பிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பெரும்பாலோருக்கு வயிற்று மிக்ஸ்சர்தான். சோடா உப்பு, இஞ்சிச் சத்து, புதினா நீர். சுக்குப் பண்டகசாலையில் தரம் பிரிக்கும் ஐசும்மா என்ற பெண் குப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பகல் முழுக்க இஞ்சிப் பொடி மூக்குல ஏறுது. சாயங்காலம் குப்பியிலயும் அதையே ஊத்தித் தரீங்களே கம்பவுண்டரே, இது நியாயமா?"

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் பலருக்கு அன்று வேலை கிடைத்திருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கணவனை இழந்தவள், நாற்பதை நெருங்கியவள், வாய் ஓயாதவள் ஐசும்மா. அவளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீரான் அந்தப் பண்டகசாலையின் விளிக்காரர். அப்படி ஒரு வேலை இன்று இல்லை. மூட்டைகள் தராசிலிருந்து இறங்கி, முற்றத்தைக் கடந்து, பின்பக்கம் காயலில் நிற்கும் வள்ளத்தில் ஏறும். ஒவ்வொரு மூட்டையும் வாசலைத் தாண்டும்போது விளிக்காரர் எண்ணை உரக்கச் சொல்லுவார். உள்ளே கணக்கரும் வள்ளத்தில் இருப்பவரும் அதைக் கேட்டே குறிப்பார்கள். மீரானின் குரல் சந்து தாண்டி என் மருந்து மேசைவரை வரும். "ஒண்ணேய்... ரெண்டேய்..." என்று ஒவ்வொரு எண்ணின் வாலையும் இழுப்பார். நான் அந்தத் தாளத்துக்கு மருந்து குலுக்கியிருக்கிறேன். காலையில் வாசலில் நின்று வேலைக்காரப் பெண்களின் பெயரை விளிப்பதும் அவர் பொறுப்பே. விளிக்கப்பட்டவள் உள்ளே போவாள். பெண்களுக்கு அவர் 'காக்கா', அதாவது அண்ணன். எல்லோருக்கும் வேலை இருந்த காலத்தில் அது பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போல ஒரு சடங்கு.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் மீரானின் மனைவி பாத்துமுத்து அவரை அழைத்து வந்தாள். குரல் போய்விட்டது. காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை. காலையில் எழுந்தார், பேச வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. அவ்வளவுதான். பாத்துமுத்து என் மேசைப் பக்கம் வந்து தணிந்த குரலில் மீதியைச் சொன்னாள். சிங்க மாதம் கழியும்வரை நானே விளித்துச் சமாளிப்பேன், கன்னி ஒன்றாம் தேதி குரல் இல்லையென்றால் வேறு ஆளை வைப்பேன் என்று மூப்பன் சொல்லிவிட்டான். மூப்பன் என்றால் ஆட்களை மேற்பார்ப்பவன்; சிங்கமும் கன்னியும் மலையாள மாதங்கள், நம் ஆவணியும் புரட்டாசியும். அவனுடைய மைத்துனன் ஒருவன் வேலையில்லாமல் இருந்தான். விளிக்காரருக்குப் பண்டகசாலையின் பின்கட்டில் ஓர் அறை உண்டு. வேலை போனால் அறையும் போகும். பிள்ளைகள் நான்கு.

"காட்டமா ஒரு மருந்து குடுங்க தம்பி. எரிஞ்சாலும் பரவாயில்ல. தாங்குவாரு."

டாக்டர் தொண்டை பார்க்கும் முறையை இங்கே எழுதிவைக்க வேண்டும். நீளக் காம்பில் சிறு வட்டக் கண்ணாடி. அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்குவார். இல்லையென்றால் மூச்சுக் காற்றில் மங்கிவிடும். பிறகு சூடு அதிகமா என்று தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். எத்தனை அவசரத்திலும் இதை அவர் விட்டதில்லை. நோயாளியின் நாக்கை வலைத்துணியால் பிடித்து மெல்ல வெளியே இழுத்து, கண்ணாடியை உள்நாக்கின் அருகே நிறுத்தி, நெற்றியில் கட்டிய ஆடியால் வெளிச்சத்தைத் திருப்புவார். அன்று என்னையும் அழைத்தார். "வந்து பாரு."

ஒன்பது வருடம் மருந்து கலந்தவன் நான். ஒரு மனிதக் குரல் இருக்கும் இடத்தை அன்றுதான் பார்த்தேன். சிவப்புக்கு நடுவே இரண்டு வெள்ளைப் பட்டைகள். முத்துச் சிப்பியின் உட்புறம் போன்ற வெண்மை. மூச்சு இழுத்தால் விலகின. இவ்வளவு சிறியதா என்று இருந்தது. சந்து முழுக்க நிறைந்த அந்த விளி, தினமும் நான் கேட்ட அந்த இழுப்பு, என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லாத இந்த இரண்டு பட்டைகளிலிருந்தா? அதற்குப் பிறகு வெகுகாலம், யாராவது என்னிடம் பேசும்போது அந்த வெண்மை நினைவுக்கு வந்து, அவர்கள் சொன்னதை நான் தவறவிட்டிருக்கிறேன்.

பேசச் சொன்னபோது பட்டைகள் நெருங்கி வந்து, தொடாமல் நின்றன. டாக்டர் கண்ணாடிக் காம்பை வெளியே எடுத்துவிட்டார்.

"மீரான், இருமுங்க."

இருமினார். அறை அதிர்ந்தது.

"இந்தச் சத்தம் யாரோடது?"

மீரான் விழித்தார். பிறகு காற்றுக் குரலில், "என்டெதான் சாரே" என்றார்.

"அப்ப அது உங்களை விட்டு எங்கயும் போகல."

அன்றிலிருந்து வாரம் மூன்று முறை அவர் வந்தார். மருந்து நான் கலக்கும் மிக்ஸ்சர்தான். அது குரலுக்கு எதுவும் செய்யாது என்பது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். உண்மையான வைத்தியம் இருமலில் இருந்தது. இருமி, அந்த இருமலின் கடைசியை 'ம்' என்று நீட்டச் சொல்வார். 'ம்' நிலைத்த பிறகு அதன் முடிவில் 'ஒண்ணு' என்று சேர்க்கச் சொல்வார். டாக்டர் அவசரப்படவே இல்லை. வெளியே வரிசை நீண்டுகொண்டிருக்கும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மீரானோடு சேர்ந்து இருமுவார். வரிசையில் ஐசும்மா, "நோயாளி டாக்டரா, டாக்டர் நோயாளியான்னு தெரியல, கேட்டோ" என்று சொன்னது உள்ளே கேட்டது. டாக்டர் சிரித்து நிஜமாகவே இருமினார்.

இரண்டாவது வாரம் 'ஒண்ணு' வந்தது. அதன் வாலில் 'ரெண்டு'. அடுத்தடுத்த வருகைகளில் எண்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தன. ஒருநாள் நூறுவரை எண்ணினார். நூறைச் சொன்னபோது பழைய இழுப்பு இருந்தது. பாத்துமுத்து கதவருகே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செப்டம்பர் 14. கன்னி பிறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. டாக்டர் மிக்ஸ்சரின் பெயரைச் சீட்டில் எழுதிவிட்டு, ஏதோ தோன்றியவராகப் பேனாவை நிறுத்தினார்.

"வியாழக்கிழமை வாசல்ல நிக்கணும் இல்லையா? எங்க, ஒரு பேர் விளிங்க. ஐசும்மா."

மீரான் வாயைத் திறந்தார். காற்று. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான்.

"பதினேழு சொல்லுங்க."

"பதினேழு."

"திரேசா."

காற்று.

"உங்க வீட்டுக்காரி பேர்?"

"பாத்துமுத்து" என்றார், முழுக் குரலில். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கணவன் தன் பெயரைப் பிறர் முன்னால் சொல்லி அவள் கேட்டதே இல்லையாம்.

"ஐசும்மா."

உதடுகள் அந்தப் பெயருக்குப் பிழையில்லாமல் அசைந்தன. சத்தம் மட்டும் இல்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நெடுநேரம் துடைத்தார். மீரான் தரையைப் பார்த்தபடி காற்றுக் குரலில் சொன்னதை நான் என் மேசையிலிருந்து கேட்டேன். பண்டகசாலை பாதியான பிறகு மூப்பன் தினமும் ஒரு துண்டுக் காகிதத்தில் பாதிப் பெயர்களை எழுதிக் கொடுக்கிறான். வாசலில் எல்லோரும் நிற்கிறார்கள். இவர் விளிக்கிறார். காகிதம் முடிந்துவிடுகிறது. மீதிப் பேர் இன்னும் கொஞ்சநேரம் இவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"வையலாம்ல சாரே. ஒருத்தியாவது என்னை வையலாம்ல. முண்டுத் துணியை உதறிட்டு, 'நாளைக்கு ஆவட்டும் காக்கா'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போறாங்க. எங்கிட்ட."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுதியிருந்த மிக்ஸ்சரை ஒரே கோட்டில் அடித்தார். கீழே இரண்டு வாக்கியங்கள் எழுதிச் சீட்டை என்னிடம் நீட்டினார். கொடுக்க மருந்து இல்லாததால் அது என்னிடமே தங்கிவிட்டது.

பின்னாளில் எர்ணாகுளத்தில் நூலகம் நூலகமாக உட்கார்ந்து, குரலிழப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மன நெருக்கடியில் குரல் போவது பற்றி நிறைய இருக்கிறது. இருமலில் குரல் ஒளிந்திருப்பது பற்றியும் இருக்கிறது. எண்கள் திரும்பி வந்து, சில பெயர்கள் மட்டும் வராமல் நின்றதைப் பற்றி நான் எங்கும் படிக்கவில்லை. ஒரு மனிதனின் உடம்பு அவனிடம் கேட்காமலே அவனுக்காக ஒரு வேலையை மறுத்துவிட்டது.

மறுநாள் செவ்வாய். டாக்டர் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே கிளம்பினார். மழை இல்லை, ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை, கன்னி ஒன்று. மருந்தகம் திறக்கும் முன் நான் பண்டகசாலைக்கு எதிரிலிருந்த சாயாக்கடையில் போய் நின்றேன். வாசலில் பெண்கள் கூட்டம். மூப்பன் உள்ளே தூணருகே. அவன் பக்கத்தில், புதுச் சட்டை போட்ட மைத்துனன். மீரான் படியில் ஏறி, காகிதத்தைப் பிரித்தார்.

வாயைத் திறந்தார். சத்தம் இல்லை.

மைத்துனன் ஒரு அடி முன்னால் வைத்தான். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஐசும்மாவின் குரல் வந்தது.

"ஐசும்மா. எம்பேருதான். வாயைப் பாத்தாலே தெரியுது காக்கா, கஷ்டப்பட வேண்டாம்." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நான் நேத்தும் வேலைக்கு ஏறினவ, முந்தாநாளும் ஏறினவ. இன்னிக்கு எனக்குப் பதிலா திரேசா."

திரேசா என்ற ஒல்லியான பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறினாள். மீரான் அடுத்த பெயருக்கு உதடுகளை அசைத்தார். இந்தமுறை நாலைந்து பேர் சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள். அதற்கு உரியவள் உள்ளே போனாள். அவள் முந்தின நாள் ஏறாதவள் போலும். அடுத்த பெயர். அதற்கு உரியவள் தலையசைத்துவிட்டு வேறொருத்தியின் தோளைத் தள்ளிவிட்டாள். ஒரு வாக்குவாதம் இல்லை, ஒரு அழுகை இல்லை. உதடு அசையும், கூட்டம் பெயரைச் சொல்லும், ஒருத்தி போவாள் அல்லது இன்னொருத்தியை அனுப்புவாள். கப்பையும் சாயாவும் தவிர வேறு எதுவும் கண்டிராத பெண்கள் தங்கள் அன்றைய கூலியை ஒருவருக்கொருவர் அப்படிக் கைமாற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்து நின்ற என் கையில் சாயா ஆறிப்போனது.

மூப்பன் படிக்கு வந்தான். இது என்ன புது வழக்கம் என்று கேட்டான். பின்பக்கம் வள்ளக்காரன் நேரமாகிறது என்று கத்தினான். மூப்பன் வானத்தைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், கடைசியில் மீரானைப் பார்த்தான்.

"ஆளு எத்தனைன்னாவது சொல்லுவியா?"

மீரான் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்தவள் வாசலைத் தாண்டியபோது, அதுவரை போனவர்களையும் சேர்த்து அவர் எண்ணை விளித்தார். இழுப்போடு, முழுக் குரலில். சந்தின் கடைசிவரை அது போய்ச் சேர்ந்தது. அடுத்தவள் படியில் கால் வைத்தாள். அடுத்த எண். எண்ணிக்கை சரியாக இருந்ததால் மூப்பனுக்கு மேலே கேட்க எதுவுமில்லை. மைத்துனன் சாயாக்கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மீரானின் வேலையும் அறையும் தங்கின. அந்த வழக்கமும் தங்கியது. கஷ்டகாலம் முழுவதும் அந்த வாசலில் பெயர்களைப் பெண்களே சொன்னார்கள், எண்களை அவர் சொன்னார். மருந்தகத்துக்கு வெப்ராளம் என்று வருகிறவர்கள் குறைந்துவிடவில்லை. அரிசியும் உடனே வந்துவிடவில்லை. ஆனால் என் மேசைக்கு அந்த விளி மறுபடி வரத் தொடங்கியது. 1966-இல், பண்டகசாலை எல்லோரையும் மறுபடி எடுத்துக்கொண்ட வாரத்தில், ஒரு காலை மருந்து குலுக்கும்போது, "ஐசும்மோய்" என்று மீரான் விளிப்பதைக் கேட்டேன். என் காதை நம்பாமல் சந்து முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒன்று மீதியிருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர் சாக்கோ குடையோடு எங்கே போனார்? பெண்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் குழாயடியில், குடை பிடித்த ஒருவர் பேசிக்கொண்டு நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்ததாகப் பாத்துமுத்து சொன்னாள். முகம் தெரியவில்லை என்றாள். ஐசும்மாவைக் கேட்டபோது, "எங்களுக்கு ஒருத்தர் வந்து சொல்லித் தரணுமா கம்பவுண்டரே?" என்று சிரித்தாள். அது 'இல்லை' என்ற பதிலா என்று எனக்கு இன்றும் தெரியாது. டாக்டரிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். மூவரும் இப்போது இல்லை. அந்த ஏற்பாடு டாக்டர் சொல்லி நடந்ததா, பெண்கள் தாங்களாகவே செய்ததா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.